மஞ்சள் டப்பாத் தோட்டா

பயப்படாதீங்க தம்பி, உக்காருங்க. ஆமா, துப்பாக்கிதான். உறைக்குள்ள இருக்குது, உள்ள தோட்டா இல்லை, லைசென்சு சட்டைப்பையில இருக்குது. கண்டக்டர்கிட்டக்கூடக் காட்டிப்போட்டேன். அவன் எங்க லைசென்சைப் பாத்தான்? இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா வேண்டாமான்னு பாத்தான். நீங்க சன்னலோரமா நவுந்துக்குங்க, இதை நான் காலுக்கு நடுவால வச்சுக்கறேன். இந்தாங்க, பொரி சாப்புடுங்க. தோட்டாக் கடையில பூசை பண்ணிக் குடுத்தது. அங்க துப்பாக்கிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வரிசையா நிக்க வச்சிருந்தாங்க பாருங்க, கலியாணத்துல போட்டோவுக்கு நிக்கற ஒறம்பரையாட்ட.

முன்னால பாத்தீங்களா, பஸ்சுக்கு ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டியிருக்கறாங்க. அந்தக் கெரகத்தைப் பாத்தாலே எனக்குக் கை துறுதுறுங்குது. சிரிக்காதீங்க. வாழைன்னா உங்களுக்குப் பழம், எலை. எனக்கு அது அசுரன்.

எம்பேரு தெய்வசிகாமணி. வேலாங்காட்டுப்புதூரு. புளியம்பட்டியில எறங்கி உள்ள போகோணும். நாளைக்கு விசயதசமிங்களா, எங்கூர் செல்லாண்டியம்மன் கோயல்ல அம்பு சேர்வை. தெரியுமுங்களா அது? அம்மன் குதிரை மேல ஏறி வேட்டைக்குக் கெளம்புவா. வன்னியாசுரன்னு ஒரு கிறுக்கன், ஒளியறதுக்கு மலை இருக்குது, கடல் இருக்குது, அதையெல்லாம் உட்டுப்போட்டு ஒரு வாழைமரத்துக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவான். மத்த ஊர்ல பூசாரி அம்பு உட்டு அந்த வாழையைச் சாய்ப்பாரு. எங்கூர்ல அம்பு கெடையாது, ரைபிளு. இதா, இதேதான்.

எங்க தாத்தன் பண்ணுன வழக்கமுங்க. அவரு பெரிய வேட்டைக்காரரு. ஒரு வருசம் அம்பு உடற நேரத்துல வில்லு ஒடஞ்சு போச்சாம். நல்ல நேரம் ஓடிக்கிட்டிருக்குது, பூசாரி பேந்தப் பேந்த முழிக்கறான். தாத்தன் தோள்ல இருந்த ரைபிளை எடுத்து ஒரே போடு. அசுரன் காலி. அன்னையிலிருந்து சுடற பாத்தியதை எங்களுக்கு, பரிவட்டம் எங்களுக்கு. தாத்தனுக்குப் பொறகு அப்பன், அப்பனுக்குப் பொறகு நானு. வாழையடி வாழைம்பாங்களே, நாங்க அந்த வாழையைச் சுட்டுச் சுட்டு வந்தவங்க. தாத்தன் இதுல பன்னி சுட்டாரு, மான் சுட்டாரு. இப்பப் பன்னியைச் சுட்டா நம்மளைக் கொண்டுபோய் உள்ள வச்சுருவாங்க. பன்னிக்குச் சட்டம் இருக்குது, வாழைக்கு ஒரு நாதியுமில்லை. அதனால வருசத்துக்கு ஒருக்கா, தாலுக்காவுல எழுதிக் குடுத்து, பர்மிசன் வாங்கி, ஒரு குண்டு. ஒரே ஒரு குண்டுதான். ரெண்டாவது சுடக் கூடாது. அம்மன் ரெண்டு தரம் அடிச்சா அவளுக்கு மானக்கேடு.

வாழை சாயோணும் தம்பி. அதுதான் கணக்கு. நாப்பது எட்டு வச்சுத் தள்ளி நின்னு சுடோணும், கொலையோட இருக்கற மரம் ஊர் பாக்கச் சாயோணும். நான் பன்னண்டு வருசம் சாச்சேன். ஒரு வருசம்கூடத் தப்புல. நான் துப்பாக்கிக் குதிரையை இழுக்கறதுதான் தெரியும், மரம் மடார்னு மண்ணுல கெடக்கும். "தெய்வசிகாமணி கண்ணு பருந்துக் கண்ணு"ன்னு ஊரே சொல்லுச்சு. பொய்யில்லை.

அப்பறம் பாருங்க, பன்னண்டு வருசம் சாஞ்ச வாழை, மூணு வருசம் சேந்தாப்புல சாயலை.

மொத வருசம் குண்டு எங்க போச்சுன்னே தெரியலை. மண்மேட்டுல தேடிப் பாத்தாங்க, கெடைக்கலை. ரெண்டாவது வருசம் ரேடியோக்காரன் கட்டியிருந்த கொழாயில போய் அடிச்சிருச்சு. காத்தாலயிருந்து காது கிழிய அலறிக்கிட்டிருந்தது, டப்புன்னு நின்னு போச்சு. ஊரே என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டுச்சு, அது வேற விசயம். ஆனா வாழை நிக்குது. மூணாவது வருசம் எலையில ஒரு ஓட்டை. அம்புட்டுத்தான். எம்பட பங்காளி சென்னியப்பன், சித்தப்பன் மகன், கூட்டத்துக்கு நடுவால நின்னுக்கிட்டு, "அண்ணா, அசுரனுக்குக் காது குத்தியாச்சு, மாமன் சீரு எப்ப?"ன்னு கேக்கறான். பொம்பளைக, கொழந்தைக, மேளக்காரன், அத்தனை பேரும் சிரிக்கறாங்க. நான் பரிவட்டத்தைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். அந்தத் துணி தலையில நெருப்பாட்டச் சுட்டுதுங்க தம்பி. சோறு எறங்குல எனக்கு ஒரு வாரம்.

கோயல் கமிட்டி கூடிப் பேசுனாங்க. நாலாவது வருசமும் தப்புச்சுன்னா பாத்தியதை சென்னியப்பனுக்குன்னு சொல்லிப்போட்டாங்க. அவன்கிட்ட ஒரு ரெட்டைக்குழல் இருக்குது. அதை வச்சு அவன் காக்காயைத் தவிர வேற ஒண்ணையும் முடுக்குனதில்லை.

நான் உக்காந்து ரோசனை பண்ணுனேன். மாறுனது என்ன? ரைபிள் அதேதான். நாப்பது எட்டு அதேதான். கண்ணு, கோயமுத்தூர் பெரிய ஆசுபத்திரியில காட்டுனேன், ஊசியில நூல் கோக்கலாம்னு சொன்னாங்க. வாழையும் அதே கதலி வாழை. எங்கம்மா தவறுனதும் அந்த மொத வருசத்துலதான், மனசு செரியில்லைன்னு வேணா சொல்லலாம். ஆனா அம்மாவுக்கும் குறிக்கும் என்ன சம்பந்தம்? அம்மாவுக்கு வேலையெல்லாம் மரத்தோட. மரத்தைக் கொண்டாந்து நட்டுச் சோடிக்கறது சுடறவன் ஊட்டுப் பொம்பளைகளோட பாத்தியதை. அம்மா இருந்த வரைக்கும் அதுவேதான் காத்தால போய் மஞ்சத்துணி சுத்தி, மாலை போட்டு, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே காவலுக்கு உக்காந்திருக்கும். எம்பட ஊட்டுக்காரி பாவாத்தாளைக் கிட்டயே உடாது. மாமியா மருமக விசயம், நமக்கெதுக்கு.

அப்ப மாறுனது ஒண்ணே ஒண்ணுதான். தோட்டா. அப்பன் காலத்துல வாங்கி வச்சிருந்த பழைய தோட்டா எனக்குப் பன்னண்டு வருசம் வந்துது. அது தீந்து புதுசு வாங்குனதிலிருந்துதான் இந்தக் கண்றாவி. புடிச்சேன் பாத்தீங்களா?

பாவாத்தாகிட்டச் சொன்னேன். அவ மொளகா காய வச்சுக்கிட்டிருந்தா. தலையைக்கூட நிமுத்துல. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்"னா.

"அது அம்புக்குச் சொன்னதுடி, தோட்டாவுக்குச் சொன்னதில்லை"ன்னேன்.

"அப்ப ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அது செரியா வருமுங்களா?"ங்கறா. படிச்சது அஞ்சாங்கிளாசு தம்பி. பேச்சைப் பாருங்க.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு தோட்டாதான் ஒத்து வரும். இது கடைக்கார ஹமீது பாய் சொன்னது. ஒரே அளவு, ஒரே எடைன்னு டப்பா மேல போட்டிருப்பான், ஆனா ஒண்ணு இந்தக் கொழலுக்கு நேராப் போகும், ஒண்ணு கோணிக்கிட்டுப் போகும். சுட்டுப் பாத்துத்தான் கண்டுபுடிக்கோணும். பொண்ணு மாப்பிள்ளை மாதிரிதான், சாதகம் பத்துப் பொருத்தமும் இருக்கும், ஊட்டுக்குள்ள போனா வெளக்கமாறு பறக்கும். நான் அவருகிட்டச் செவப்பு டப்பாவுல கொஞ்சம், பச்சை டப்பாவுல கொஞ்சம் வாங்கிக்கிட்டு வந்தேன். லைசென்சுக்கு வருசத்துக்கு இத்தனைதான்னு ஒரு கெடுபுடி இருக்குதுங்களே, சுட்ட காலித் தோட்டாவைத் திருப்பிக் காட்டுனாத்தான் அடுத்தது. அதனால ஒவ்வொண்ணும் எனக்குத் தங்கம்.

எதைச் சுட்டுப் பாக்கறது? சுடப் போறது வாழையை, அப்ப வாழையைத்தான் சுட்டுப் பாக்கோணும். பாவாத்தா வாய்க்காலோரமா கதலி வச்சிருந்தா. நல்லா வளத்தியிருந்தா, குத்தம் சொல்லக் கூடாது. போன வருசம் ஆடி மாசம் பூரா ஞாயித்துக்கெழமை தவறாம அங்கதான். செவப்பு டப்பா எல்லாமே எடதுபக்கம் போச்சுங்க. செவப்புன்னா எடதுபக்கம் போறதுதான நாயம்? பச்சை டப்பா மண்ணைப் பாத்துக்கிட்டே போகுது. எட்டு எட்டு வச்சு எண்ணுனா, இருவது எட்டுலயே மண்ணுல குத்திருச்சு. வெவசாயித் தோட்டா. நான் குறிச்ச மரத்தைத் தவிர சுத்தியிருக்கற மரமெல்லாம் அடி வாங்குச்சு. கொலையில அடி, எலையில அடி. தோட்டம் யானை பூந்தாப்புல ஆயிப்போச்சு.

பாவாத்தா வந்து நின்னு பாத்தா. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகுனா. அது நல்ல அறிகுறி இல்லைன்னு எனக்குத் தெரியும். அப்பறம், "ஏனுங்க, யானை வந்தா அரசாங்கம் நட்டஈடு குடுக்கும். நீங்க வந்தா யாருகிட்டப் போய்க் கேக்கறது?"ன்னா. "இது ஒரு வருசத்து விசயமில்லீங்க, வருசா வருசம் ஆடி வந்தா எம்பட வாழை அழியறதா? சென்னியப்பங்கிட்டயே குடுத்துத் தொலைங்க அந்தத் துணியை"ன்னு கண்ணுல தண்ணி வந்திருச்சு அவளுக்கு.

எனக்குச் சுருக்குன்னு போச்சு தம்பி. வாழைக்காக இல்லை. துணிங்கறா பாருங்க, அதுக்காக. "எந்தலையில அந்தத் துணி இல்லீன்னா நான் இந்த ஊர்ல தலை நிமுந்து நடக்கோணுமா? அதுக்கு இந்த வாய்க்கால்லயே உழுந்து சாவேன்"னேன். நெசமாத்தான் சொன்னேன். அவ எம்மொகத்தையே கொஞ்ச நேரம் பாத்தா. அப்பறம் ஊட்டுக்குள்ள போயிட்டா. அன்னையிலிருந்து அவ வாயைத் தொறந்து ஒரு கொறை சொல்லலை. நான் எடுத்துச் சொன்னதுல புரிஞ்சுக்கிட்டா.

விசயதசமி நோம்பிக்குப் பத்து நாளைக்கு முன்னால ஹமீது பாய் கடைக்கு மறுக்காப் போனேன். அவரு உள்ள போய்த் தூசு தட்டி ஒரு மஞ்ச டப்பா எடுத்தாந்தாரு. பழைய சரக்கு, வெளிநாடு, அவங்கய்யன் காலத்துல வந்தது. "எப்படியிருக்கும்னு தெரியாது, எடுத்துக்கிட்டுப் போங்க"ன்னாரு. ஒண்ணே ஒண்ணுதான் அப்பக் குடுத்தாரு. சுட்டுப் பாக்க மனசு வருல. தங்கத்தை யாராச்சும் ஒரசி ஒரசியே தீத்துப்போடுவாங்களா?

அதனால பூவாக்குக் கேட்டேன். எங்க பக்கத்துல பொண்ணு பாக்கறதுன்னாலும் கெணறு வெட்டறதுன்னாலும் அம்மன்கிட்டப் பூக் கேக்காம செய்ய மாட்டோம். சாமி தலையில பூ வப்பாங்க, வலதுபக்கம் உழுந்தா உத்தரவு. மூணு தோட்டாவையும் தட்டத்துல வச்சுப் பூசாரிகிட்டக் குடுத்தேன். அவரு கற்பூரம் காட்டப் போனவரு, "இது வெடிச்சுக்கிடுமா?"ன்னு தட்டத்தைக் கீழ வச்சுப்போட்டாரு. செவப்புக்குக் கேட்டோம். பூ அசையலை. பச்சைக்குக் கேட்டோம். அசையலை. மஞ்சளுக்குக் கேட்டோம், அரை மணி நேரம் ஆச்சு, அசையலை. புழுக்கம்னா புழுக்கம், காத்தாலயிருந்து கரண்டு இல்லை. எனக்கு அழுகையே வந்திருச்சு. "ஆத்தா, ஒரு வார்த்தை சொல்லு ஆத்தா"ன்னு கத்துனேன். டக்குன்னு கரண்டு வந்துது, பேன் சுத்துச்சு, பூ உழுந்துது. வலதுபக்கம்! அம்மன் கரண்டுக்குக் காத்திருந்திருக்கறா தம்பி.

இப்பப் போன வருசத்து விசயதசமிக்கு வாரேன். காத்தால நாலு மணிக்கே பாவாத்தா எந்திரிச்சுக் குளிச்சுப்போட்டு மரம் நடப் போயிட்டா. மூணு வருசமா, "யாராச்சும் நட்டா என்ன?"ன்னு ஆளுக்காரன உட்டு நடச் சொல்லிக்கிட்டிருந்தவ. இந்தத் தரம் ஒருத்தரையும் கிட்ட உடுல. எங்கம்மாளாட்டவே மஞ்சத்துணியை இடுப்பு ஒசரத்துக்கு நல்லா அகலமாச் சுத்தி, இறுக்கிக் கட்டி, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துலயே காவல். நான் மத்தியானம் போய் எட்டுப் போட்டுப் பாத்தேன். மரம் லேசாச் சாஞ்சாப்புல இருந்துது. "என்னடி இது?"ன்னேன். "கொலை பாரமுங்க, நீங்க போய்த் துப்பாக்கியத் தொடைங்க"ன்னு முடுக்கி உட்டுட்டா. நோம்பிக்கு எடுத்த புதுச் சீலை பூரா வாழைக்கறை. அது தொவச்சாப் போகுமுங்களா? அத்தனை வருசம் வாழை வளத்தவளுக்கு அதுகூடத் தெரியலை. ஒரு மரத்தைச் சோடிக்கறதுக்கு இத்தனை கறையா? பொம்பளைகளுக்குப் பதனமே இல்லீங்க.

அஞ்சு மணிக்கு அம்மன் குதிரையில வந்துட்டா. மேளம் நின்னுது. சென்னியப்பன் வாழைக்குக் கொஞ்சம் ஒதுங்கி முன்னால வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான், பரிவட்டம் கட்டிக்கறதுக்கு வசதியாத் தலையை எண்ணெய் வச்சு வழிச்சுச் சீவிக்கிட்டு. நான் மஞ்ச டப்பாத் தோட்டாவைக் கண்ணுல ஒத்தி உள்ள போட்டேன். குறி பாத்தேன். மூச்சைப் புடிச்சேன். குதிரையை இழுத்தேன்.

டிக்.

அம்புட்டுத்தான். டிக்குன்னு ஒரு சத்தம். வெடிக்கலை. தம்பி, அந்த நேரத்துல எனக்கு எப்படியிருந்துதுன்னு கேளுங்க. மூணு தலைமுறை என்னையப் பாக்குது. ஊரு பாக்குது. சென்னியப்பன் வாயைத் தொறக்கறான், என்னமோ எகத்தாளம் சொல்றதுக்கு. அப்பப் பாருங்க, மேக்காலயிருந்து ஒரு காத்து. சில்லுன்னு ஒரே ஒரு காத்து. வாழை ஒரு ஆட்டம் ஆடுச்சு. க்ரீச்சுன்னுச்சு. மஞ்சத்துணி பட்டுன்னு அந்துது. கொலையோட, எலையோட, மாலையோட மடார்னு சாஞ்சு சென்னியப்பன் காலுகிட்ட வந்து உழுந்துது!

அப்பறம் ஒரு கொலவை போட்டாங்க பாருங்க பொம்பளைக, பவானி ஆத்துக்கு அக்கட்டால கேட்டிருக்கும். மேளக்காரனுக்குச் சாமி வந்திருச்சு. குண்டே இல்லாம அசுரன் செத்துட்டான்! நான் ஓடிப் போய் மரத்தைப் பாத்தேன். துணி கட்டியிருந்த எடத்துல, முக்கால்வாசி வழுவழுன்னு வெட்டி வச்சாப்புல இருக்குது, மிச்சம்தான் பிஞ்சிருக்குது. பூசாரி குனிஞ்சு தடவிப் பாத்தாரு. "அம்மன் வாளு"ன்னாரு. சொல்லிப்போட்டு எம்பட ஊட்டுக்காரியவே பாத்துக்கிட்டு நின்னாரு. அவ மேல அம்மன் எறங்கியிருக்கறாளோன்னு பாத்திருப்பாரு. இவ என்னமோ தரையில இருக்கற பூவைப் பொறுக்கிக்கிட்டிருந்தா. பாருங்க, புருசன் இத்தாப்பெரிய காரியம் பண்ணியிருக்கறான், ஓடி வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமா இல்லையா? கண்ணுல தண்ணி மட்டும் வந்துது.

ஆக, எந்தத் தோட்டா குறி தப்பாது? நான் கண்டுபுடிச்சுப்போட்டேன். எடதுபக்கம் போகுல, மண்ணுல குத்துல, கொழாயில அடிக்குல. கொழலை உட்டு வெளியவே வராம அசுரனை அடிச்சுது. ஒலகத்துல இப்படியொரு தோட்டா எவங்கிட்ட இருக்குது?

ஆனா இந்தச் சென்னியப்பன் உடுவானா? கமிட்டியில போய் நாயம் பேசறான். "குண்டு வெடிக்காம வாழை உழுந்தா, அது அம்மன் பண்ணுனது. அண்ணன் பண்ணுனதில்லை. காக்கா உக்காரப் பனம்பழம் உழுந்த கதை. காக்காய்க்குப் பரிவட்டம் கட்டுவீங்களா?"ங்கறான். என்னையக் காக்காய்ங்கறான். நான் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சேன், நாலு பேரு புடிச்சு உக்கார வச்சாங்க. கடைசியில ஒரு தீர்ப்புச் சொன்னாங்க. இந்த வருசம் ரெண்டு வாழை. அவன் ஊட்டுப் பொம்பளை நடறதை அவன் சுடோணும், எம்பட ஊட்டுக்காரி நடறதை நான் சுடோணும். யாரோட வாழை சாயுதோ பாத்தியதை அவனுக்கு, பரம்பரைக்கும். ரெண்டுமே சாஞ்சா ஒரு வருசம் உட்டு ஒரு வருசம்.

ஊட்டுல வந்து சொன்னேன். பாவாத்தா என்ன சொல்றா தெரியுமுங்களா? "ரெண்டும் சாஞ்சாத் தேவலைங்க. ஒரு வருசம் எம்பட வாழை பொழைக்கும், ஒரு வருசம் எந்தங்கச்சி வாழை அழியும்"னு சிரிக்கறா. ஆமா, சொல்ல மறந்துட்டேன், சென்னியப்பனுக்குக் குடுத்திருக்கறது இவளோட கூடப் பொறந்த தங்கச்சி ரங்கநாயகியத்தான். எனக்கும் அவனுக்கும் ரெண்டு வருசமாப் பேச்சு வார்த்தை கெடையாது. பொம்பளைக பேசிக்குவாங்க. மோருக்கு ஒறைமோரு, கொழம்புக்குக் கருவேப்பலைன்னு வேலியத் தாண்டிப் போக்குவரத்து இருக்கும். அது நமக்குத் தேவையில்லாத விசயம்.

அதான் இன்னைக்குக் கோயமுத்தூரு. ஆயுத பூசைன்னாலும் பரவால்லைன்னு மத்தியானத்துக்கு முன்னால போய்க் கடையில நின்னேன். ஹமீது பாய் சந்தனத்தைக் கையில வச்சுக்கிட்டு, "வாங்க, போன வருசம் எப்படி?"ன்னாரு.

"அந்த மஞ்ச டப்பா வேணும் பாய். இருக்கறது அத்தனையும்."

அவரு மொகம் சுண்டிப் போச்சு. "அதைக் கேக்காதீங்க. உங்களுக்குக் குடுத்தப்பறம் இன்னும் ரெண்டு பேருக்குக் குடுத்தேன், திட்டாத திட்டில்லை. ஒண்ணுகூட வெடிக்கலை. மருந்து செத்துப் போச்சு. அழிக்கறதுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கறேன்."

"வெடிக்காததுதான் பாய் வேணும்."

அவரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "ஏங்க, நல்ல தோட்டா இருக்குது, புது சரக்கு"ங்கறாரு.

"நல்லதெல்லாம் நீங்களே வச்சுக்குங்க. எனக்கு வெடிக்கக் கூடாது. வெடிக்கவே வெடிக்காதுன்னு உங்களால கேரண்டி குடுக்க முடியுமா?"

"அதுக்கு மட்டும் குடுக்கறேனுங்க"ன்னாரு. நாலு இருந்துது. நாலையும் வாங்கிப்போட்டேன். இதா, இந்தப் பொரிப் பைக்குள்ளதான் இருக்குது. அட, ஏனுங்க கையை எடுத்துட்டீங்க? செத்த தோட்டா தம்பி, ஒண்ணும் பண்ணாது, சாப்புடுங்க.

இப்பச் சொல்லுங்க. ஒலகத்துலயே குறி தப்பாத தோட்டா நாலும் எம்மடியில இருக்குது. சென்னியப்பங்கிட்ட என்ன இருக்குது? ரெட்டைக்குழல்ல போடற சில்லறை ரவை. அதுல வாழையை அடிச்சா அம்மை போட்டாப்புல புள்ளி உழுகும், மரம் நிக்கும் கல்லாட்ட. நாளைக்குப் பாருங்க, அவன் சுட்டு மரம் நின்னுக்கிட்டிருக்கறப்ப நான் அவனை ஒரு வார்த்தை கேப்பேன். பஸ்சுல வாரப்பவே ரோசனை பண்ணி வச்சுப்போட்டேன். காது குத்துன கதைக்கு வட்டியும் மொதலுமா.

பொறுங்க, போன் அடிக்குது. அவதான். ஆயுசு நூறு.

அலோ. ஆ, சொல்லு. பஸ்சுலதான். அன்னூர் தாண்டியாச்சு. கெடச்சிருச்சு, நாலு கெடச்சிருக்குது, நீ ஒண்ணுக்கும் கவலைப்படாத. ... என்ன? யாரு வந்திருக்கறா? ரங்கநாயகியா? எதுக்கு? ... அருவாளா?

கேட்டீங்களா தம்பி, சென்னியப்பன் ஊட்டுக்காரி எங்கூட்டுல வந்து நின்னுக்கிட்டு அருவா எரவல் கேக்கறாளாம். ஆயுத பூசை அன்னைக்கு! பூசையில வச்ச அருவாளை எடுத்துக் குடுக்கலாமான்னு இவ எங்கிட்டக் கேக்கறா.

அலோ, ஏன் அவங்கூட்டுல அருவா இல்லையா? ... நம்முளது பதமா இருக்கும்ங்கறாளா? அது செரி, அது நெசந்தான். ... நாளைக்குக் காத்தாலைக்கு வேணுமாமா? செரி, குடு. ... அட, குடுங்கறேன். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா, ஒரு பூவை வச்சுக் கும்புட்டுப்போட்டு எடுத்துக் குடு. ... என்னது? நெசமாவா? நெசமாத்தான் சொல்றேன் பாவாத்தா. நாளைக்கு அவங்க மூஞ்சி எப்படித் தொங்கப் போகுதுன்னு எனக்குத் தெரியும், பாவம், ஒரு அருவாளாச்சும் வாங்கிக்கிட்டுப் போகட்டும். ... இன்னொருக்காக் கேக்கறயே, ஏன் அழுகறாப்புல பேசறே? ரெண்டு வருசப் பகை, என்ன நெனைச்சுக்குவேனோன்னா? நான் என்ன அத்தனை சின்ன மனுசனா? குடு. வெறுமனே குடுக்காத, சாணைக்கல்லுல நல்லாத் தீட்டிக் குடு, தெய்வசிகாமணி ஊட்டு அருவான்னு தெரியட்டும். வச்சுர்றேன்.

பாத்தீங்களா தம்பி பொம்பளை மனசை? பங்காளி ஊட்டுக்கு ஒரு அருவா குடுக்கறதுக்கு மூணு தரம் கேக்கறா.